ஆபீஸ் போய்வர ஒரு ரோட்டரி: பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கி இரண்டு வருடம்

காரை மூன்று மீட்டர் நகர்த்தினேன், அவ்வளவுதான் நான் செய்த தப்பு. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வெளியே எடுக்க வழி கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, இன்ஜின் ஜில்லென்று இருக்கிறது, ஸ்டார்ட் செய்து கொஞ்சம் பின்னால் எடுத்து உடனே ஆஃப் செய்துவிட்டு உள்ளே போய்விட்டேன். திங்கட்கிழமை ஆபீஸுக்குக் கிளம்பினால் செல்ஃப் மட்டும் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவே இல்லை. சாதாரண வண்டியில் செல்ஃப் அடித்தால் ஒரு ஏற்ற இறக்கம் கேட்கும் இல்லையா, அது இல்லாமல் ஒரே சீராக ர்ர்ர்ர் என்று ஓடுகிறது. சைலன்சர் பக்கம் போய் நின்றால் பெட்ரோல் வாடை ஆளைத் தூக்குகிறது.

என் கார் பிஸ்டன் இல்லாத ரோட்டரி இன்ஜின் வண்டி. இந்த நிலைமைக்கு ரோட்டரி வைத்திருப்பவர்கள் சொல்கிற பெயர் 'ஃப்ளட்' ஆகிவிட்டது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலைத் தாராளமாகத்தான் ஊற்றும். சூடாவதற்குள் நிறுத்திவிட்டால் எரியாத பெட்ரோல் உள்ளேயே தங்கி, சீல்களின் (கசிவை அடைக்கிற பட்டைகள்) மேல் இருக்கிற ஆயில் பூச்சைக் கழுவிவிடும், பிளக்குகளும் நனைந்துவிடும். ஆயில் போனால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றும் பெட்ரோலும் அழுந்துகிற அழுத்தம், இல்லை, கம்ப்ரஷன் இல்லாவிட்டால் நெருப்பு பிடிக்காது. மறுபடி செல்ஃப் அடித்தால் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போகும். பிறகுதான் படித்தேன், ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் வருவது நின்றுவிடும், காற்று மட்டும் போய் உள்ளே இருப்பதை வெளியே தள்ளும் என்று. அதைச் செய்து, பேட்டரி இறங்கி, இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் போட்டு, கடைசியில் அது இருமிக்கொண்டே எழுந்தபோது தெரு முழுக்க வெள்ளைப் புகை. ஆபீஸுக்கு இரண்டு மணி நேரம் லேட்.

இந்தக் காரை தினமும் ஓட்டலாமா என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இரண்டு வருடமாக இதில்தான் ஆபீஸ் போய் வருகிறேன். மாஸ்டா ஆர்எக்ஸ்-8, 231 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல், நான் வாங்கும்போது அதற்கு இரண்டு ஓனர் ஆகியிருந்தது. முதல் வருடம் இதை விற்றுவிடலாம் என்று குறைந்தது நான்கு தடவையாவது விளம்பரம் எழுதி வைத்தேன். இரண்டாவது வருடம் ஒரு தடவைகூட இல்லை. நடுவில் மாறியது கார் கிடையாது, என் ஆபீஸ். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்த இன்ஜின் என்ன என்று சுருக்கமாக. இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது, டைமிங் பெல்ட்டும் கிடையாது. பக்கங்கள் கொஞ்சம் புடைத்த ஒரு முக்கோணம், இடுப்பு சிறுத்த முட்டை மாதிரியான ஒரு கூட்டுக்குள் உருள்கிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற மாதிரி, நடு அச்சில் நிற்காமல் ஓரமாகத் தள்ளித் தள்ளிச் சுற்றும். அந்த முக்கோணம்தான் ரோட்டார். அது ஒரு சுற்று முடிப்பதற்குள் நடுவில் இருக்கிற ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றியிருக்கும். அதனால் மீட்டரில் 9000 ஆர்பிஎம் காட்டும்போது ரோட்டார் சுற்றுவது 3000 தடவைதான். மேலும் கீழும் அடித்துக்கொள்கிற பொருள் எதுவும் உள்ளே இல்லாததால்தான் அந்த வழுவழுப்பு.

இதைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஃபெலிக்ஸ் வாங்கெல். அவரோடு சேர்ந்து உருவாக்கிய என்எஸ்யூ நிறுவனம் 1967-ல் ரோ 80 என்ற அழகான காரை விட்டது. சீல்கள் தேய்ந்து இன்ஜின் மாற்றிக் கொடுத்தே அந்த நிறுவனம் களைத்துப் போனது, 1969-ல் ஃபோக்ஸ்வேகன் கைக்குப் போய்விட்டது. ரோ 80 ஓனர்கள் சாலையில் எதிரெதிரே வந்தால் இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றியாயிற்று என்று விரலைக் காட்டிக்கொள்வார்களாம். அதே 1967-ல் மாஸ்டா காஸ்மோ ஸ்போர்ட்டைக் கொண்டுவந்தது. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் அந்த எஞ்சினியர்கள் கூட்டின் உட்சுவரில் விழுகிற கீறல்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். அந்தக் கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் சாத்தானின் நகக்கீறல். மற்ற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட, இவர்கள் மட்டும் பிடிவாதமாக இருந்து 1991-ல் நான்கு ரோட்டார் வைத்த 787பி-யை ஓட்டி லு மான் 24 மணி நேரப் பந்தயத்தையே ஜெயித்தார்கள். இப்படி ஒரு வரலாறு உள்ள காரை வாங்கும்போது புத்தி கொஞ்சம் மழுங்கித்தான் போகும், எனக்கும் போனது.

ஆர்எக்ஸ்-8 வந்தது 2003-ல், கடைசி வண்டி வெளியே வந்தது 2012-ல். உள்ளே இருப்பது ரெனிசிஸ் என்ற இரட்டை ரோட்டார் இன்ஜின், ஒரு ரோட்டாருக்கு 654 சிசி, மொத்தம் 1308. வீட்டில் "1.3 லிட்டர் இன்ஜின்தான்" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். பொய் இல்லை. ஜப்பானில் வரி போடும்போது ரோட்டரியின் சிசியை 1.5-ஆல் பெருக்கித்தான் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன். முதல் மாதம் பெட்ரோல் செலவைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்ட கேள்வி, "ஏங்க, இதுல ரெண்டு இன்ஜினா இருக்கு?" யோசித்துப் பார்த்தால் பாதி சரி.

வாங்கின கதைக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் காரில் எல்லாமே வாங்குகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

முதலில் பார்த்தது வேறு ஒரு வண்டி. சிவப்பு, பளபளவென்று இருந்தது, கிலோமீட்டரும் குறைவு. நான் போனபோது இன்ஜின் குளிர்ந்திருந்தது, ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. அரை மணி நேரம் ஓட்டினேன், நன்றாகவே இழுத்தது. திரும்பி வந்து நிறுத்தும்போது விற்பவர் ஓடிவந்து, "ஆஃப் பண்ண வேண்டாம் சார், அப்படியே இறங்குங்க, நான் உள்ளே விட்டுக்கிறேன்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் கேட்காதவன் போல சாவியைத் திருகி ஆஃப் செய்துவிட்டு, பேப்பர்களைப் பார்க்கிறேன் என்று பத்து நிமிடம் நேரத்தைக் கடத்தினேன். அப்புறம் ஸ்டார்ட் செய்து பார்த்தால் செல்ஃப் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

விஷயம் இதுதான்: ரோட்டாரின் மூன்று முனைகளிலும் அபெக்ஸ் சீல் என்று மெல்லிய இரும்புப் பட்டை இருக்கும், 2 மி.மீ. தடிமன், அதுதான் சுவரை உரசிக்கொண்டே ஓடி அறைகளைப் பிரிக்கிறது. அது தேய்ந்தாலோ பக்கவாட்டு சீல்கள் தளர்ந்தாலோ கம்ப்ரஷன் குறையும். இன்ஜின் குளிர்ந்திருந்தால் ஆயில் கெட்டியாக நின்று ஓட்டையை அடைத்துக் காப்பாற்றிவிடும். சூட்டில் ஆயில் இளகி ஓடிவிடும், அப்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் ரோட்டரி பார்க்கப் போனால் நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். அதிலும் ஒரு தந்திரம் உண்டு. இந்தக் காருக்குப் பிற்காலத்தில் வேகமாகச் சுற்றுகிற செல்ஃப் மோட்டார் வந்தது, அதைப் போட்டால் கொஞ்சம் தேய்ந்த இன்ஜின்கூட சூட்டில் எழுந்துவிடும். செல்ஃப் புதிதாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

இரண்டாவது வண்டிதான் இப்போது என்னிடம் இருப்பது. சாம்பல் நிறம், ஒரு கதவில் கோடு, பம்பரில் கல் அடித்த புள்ளிகள், பார்க்க ஒன்றும் விசேஷம் இல்லை. ஆனால் ஓனர் ஒரு ஃபைல் வைத்திருந்தார். எப்போது ஆயில் மாற்றினார், எப்போது பிளக் மாற்றினார் என்று தேதி வாரியாக, கையெழுத்தும் கிலோமீட்டரும் போட்டு. டிக்கியைத் திறந்தால் அங்கே ஒரு ஆயில் கேன், பாதி காலி. அந்தப் பாதி காலியான கேனைப் பார்த்ததும் எனக்குப் பாதி முடிவு ஆகிவிட்டது. ரோட்டரி ஓனர் ஒருவர் "ஆயில் குறையவே குறையாது சார்" என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு நடையைக் கட்டுங்கள். இந்த இன்ஜின் ஆயிலைக் குடிப்பது கோளாறால் வருவதில்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சீல்களை நனைக்க ஒரு சின்ன பம்ப் வேண்டுமென்றே ஆயிலை உள்ளே தெளிக்கிறது, அது பெட்ரோலோடு எரிந்து போகிறது. ஆயில் குறையவில்லை என்றால் ஒன்று அவர் பார்த்ததே இல்லை, அல்லது அந்த பம்ப் வேலை செய்யவில்லை.

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் வாங்கவே கூடாது. அதற்கு ரோட்டரிக்கென்றே ஒரு கருவி வேண்டும். சாதாரண மீட்டரை மாட்டினால் மூன்று அறைகளில் எது அதிகமோ அதை மட்டும் காட்டிவிட்டு சமர்த்தாக இருந்துவிடும், செத்துப்போன இரண்டு அறையையும் மறைத்துவிடும். நான் முதலில் கூட்டிப்போன ஒர்க்‌ஷாப்பில் சாதாரண மீட்டரைப் போட்டுவிட்டு "சூப்பரா இருக்கு" என்றார்கள். அப்புறம் ரோட்டரி தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்தேன். அவர் ஒரு ரோட்டாருக்கு மூன்று என்று ஆறு எண்களைத் தனித்தனியாக எழுதி, செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றியது என்பதையும் பார்த்து, 250 ஆர்பிஎம் கணக்குக்குத் திருத்தி, ஒரு சீட்டில் கொடுத்தார். முன் ரோட்டார் 7.4, 7.3, 7.5. பின் ரோட்டார் 7.1, 7.0, 7.2. குறைந்தபட்சம் இருக்க வேண்டியது சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோ, அதாவது 680 கிலோபாஸ்கல். "தம்பி, இது பாஸ் மார்க். டிஸ்டிங்ஷன் இல்லை. நல்லா பார்த்துக்கிட்டா ஓடும்" என்றார். அந்தச் சீட்டு இன்னும் என் டாஷ்போர்டு பெட்டியில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் விலையையும் குறைத்தேன். இந்தக் கார்கள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், இன்ஜினைப் பிரித்துக் கட்டுகிற செலவு பல சமயம் கார் விலையையே தாண்டிவிடும் என்பதுதான். வாங்கும்போது அந்தப் பணத்தைத் தனியாக வைக்க முடியாதவர் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இன்னொன்று. ஏற்கெனவே இன்ஜின் மாற்றிய வண்டி என்றால் பயப்படாதீர்கள், பேப்பர் இருந்தால் அது நல்ல செய்திதான். அமெரிக்காவில் 2004 முதல் 2008 வரையிலான மாடல்களுக்கு இன்ஜின் வாரன்டியை எட்டு வருடம் அல்லது ஒரு லட்சம் மைல் என்று மாஸ்டாவே நீட்டித்தது. அப்படி மாற்றிய இன்ஜின்கள் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் மாற்றினார்கள், எத்தனை கிலோமீட்டருக்கு முன்பு, பில் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. முடிந்தால் 2008-க்குப் பின் வந்த திருத்திய மாடலைப் பாருங்கள், அதில் ரோட்டாருக்கு மூன்று ஆயில் துளைகள், பழையதில் நடுவில் ஒன்று கிடையாது. பழையவை வைத்திருப்பவர்கள் டேங்கில் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயிலை ஊற்றிக்கொள்வது இதனால்தான். நானும் ஊற்றுகிறேன். பயன் உண்டா இல்லையா என்று ரோட்டரிக்காரர்கள் சண்டை போட ஆரம்பித்தால் விடிந்துவிடும், அதற்குள் நான் போகவில்லை.

சரி, ஓட்டுகிற கதை. வாங்கியபோது என் ஆபீஸ் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டர். கேட்பவர்கள் எல்லாரும் "பக்கம்தானே, பெட்ரோல் செலவு தெரியாது" என்றார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைவிடத் தப்பான கணக்கு வேறு இல்லை. 5 கிலோமீட்டரில் தண்ணீர் சூடாகிறது, ஆயில் சூடாவதில்லை. வண்டி முழுசாக விழிப்பதற்குள் ஆபீஸ் வந்துவிடுகிறது, ஆஃப் செய்துவிடுகிறேன், சாயங்காலம் மறுபடி குளிர்ந்த ஸ்டார்ட். நடுவில் ஆறு சிக்னல். 2500 ஆர்பிஎம்முக்கு மேல் ஊசி போகவே இடம் இல்லை. இந்த இன்ஜினுக்குப் பிடிக்காதது எதுவோ அது அத்தனையையும் தினமும் இரண்டு வேளை ஊட்டிக்கொண்டிருந்தேன். மைலேஜ் லிட்டருக்கு 5.8. அமெரிக்க அரசு டெஸ்ட்டில் மேனுவல் வண்டிக்கு நகரத்தில் கொடுத்த கணக்கே லிட்டருக்கு 7 கிலோமீட்டரைத் தொடாது, நான் அதற்கும் கீழே.

பதினோரு மாதத்தில் நடந்தவை: மேலே சொன்ன ஃப்ளட், அதற்கப்புறம் இன்னொரு தடவை ஃப்ளட் (அது என் மச்சான் செய்தது, அவனைப் பற்றிக் கடைசியில்), ஒரு செட் பிளக், ஒரு பேட்டரி, நான்கு இக்னிஷன் காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கிற பாகம்).

காயில் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், இதைத் தெரியாமல்தான் பலர் நல்ல இன்ஜினைக் கொன்றுவிடுகிறார்கள். ஒரு ரோட்டாருக்கு இரண்டு பிளக், மொத்தம் நான்கு, ஒவ்வொன்றுக்கும் தனிக் காயில். காயில் ஒரேயடியாகச் சாகாது, மெதுவாக நோஞ்சானாகும். அப்போது பெட்ரோல் முழுசாக எரியாமல் சைலன்சர் பக்கம் போகும், போய் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் எரியும். ரோட்டரியின் புகை ஏற்கெனவே கொதிக்கிற சூடு. கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும். அடைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்ஜினுக்கே திரும்பும். சீல்கள் போய்விடும். ஆக மொத்தம், ஒரு காயிலை நேரத்தில் மாற்றாத குற்றத்துக்கு ஒரு இன்ஜின் தண்டனை. 50,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, குறை தெரிகிறதோ இல்லையோ, நான்கையும் பிளக்கோடு சேர்த்து மாற்றிவிட வேண்டும் என்பது அனுபவசாலிகள் கணக்கு. பிளக்கில் இரண்டு வகை இருக்கிறது, இடம் மாற்றிப் போட்டுவிடக் கூடாது. டெஸ்ட் டிரைவில் 6000, 7000-க்கு மேல் வண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றால் முதல் சந்தேகம் அடைத்த கன்வெர்ட்டர் மேல்தான் வர வேண்டும்.

எனக்கு அறிகுறி தெரிந்தது ஒரு சிக்னலில். நின்றிருக்கும்போது ஸ்டீயரிங் லேசாக நடுங்கியது. இந்தக் காரில் நிற்கும்போது நடுக்கம் என்பதே கிடையாது, ஓடுகிறதா இல்லையா என்று மீட்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவரிடம் கொண்டு போனேன், காயில்கள் மாற்றினார், அப்புறம் "சாவியை ஆன்ல போட்டு பிரேக்கை எட்டு செகண்டுக்குள்ள இருபது தடவை மிதிங்க தம்பி" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படி மிதித்தால்தான் கம்ப்யூட்டர் பழைய கணக்குகளை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளும், ஆயில் பிரஷர் ஊசி ஒரு தடவை துள்ளிக் காட்டும். நான் தடதடவென்று மிதிப்பதை ஒர்க்‌ஷாப் பையன் ஒருவன் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு பார்த்தான்.

பன்னிரண்டாவது மாதம் ஆபீஸை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். ஒரு வழி 34 கிலோமீட்டர், அதில் 25 திறந்த சாலை. எல்லாரும் புலம்பினார்கள், நானும் கூடச் சேர்ந்து புலம்பினேன். ஒரு மாதத்தில் பெட்ரோல் கணக்கைப் பார்த்தால் லிட்டருக்கு 8.9. ஸ்டார்ட் ஆவது சுத்தமாக மாறிவிட்டது, தொட்டால் எழுகிறது. நடுக்கம், இருமல், புகை எதுவும் இல்லை. அதற்கப்புறம் இந்த ஒரு வருடத்தில் ஆயில், ஃபில்டர், டயர் தவிர வேறு எதற்கும் ஒர்க்‌ஷாப் பக்கம் போகவில்லை. 34 கிலோமீட்டரில் ஆயில் முழுசாகச் சூடாகிறது, வழியில் ஒரு தடவையாவது 8500-ஐத் தாண்ட விடுகிறேன், உள்ளே படிகிற கரியெல்லாம் எரிந்து வெளியே போகிறது. மற்ற வண்டிகளில் அப்படி ஓட்டினால் திட்டு விழும், இங்கே அது பராமரிப்பு. 'தினமும் ஒரு தடவை ரெட்லைன்' (மீட்டரில் சிவப்புக் கோடு போட்ட உச்ச ஆர்பிஎம்) என்பது ரோட்டரிக்காரர்களுக்கு மருந்துச்சீட்டு மாதிரி. ஆனால் சூடான பிறகு மட்டும்.

அந்த 8500-ஐப் பற்றி எழுதாமல் விட்டால் இது புகார்க் கடிதமாகிவிடும். 3000 வரை இந்தக் காரில் ஒன்றுமே இல்லை, உண்மையாகவே ஒன்றுமில்லை, 211 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (முறுக்கு விசை) வருவது 5500-ல். சிக்னலில் சாதாரண டீசல் வண்டி உங்களைத் தாண்டிப் போகும், போகட்டும். 4000-ல் சத்தம் மாறும். 6000-க்கு மேல் மற்ற இன்ஜின்கள் "போதும், விடு" என்று முனகுகிற இடத்தில் இது அப்போதுதான் வேலைக்கு வந்த மாதிரி இழுக்க ஆரம்பிக்கும். 7000, 8000, அதிர்வே கிடையாது, ஒரு தையல் மெஷின் பாடினால் எப்படி இருக்கும் அப்படி ஒரு சத்தம். எங்கே நிறுத்துவது என்று உடம்புக்குத் தெரியாது என்பதால் ரெட்லைனுக்குச் சற்று முன்னால் 'பீப்' என்று ஒரு எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அந்த பீப் கேட்டபோது சீட் பெல்ட் போடவில்லையோ என்று தடவிப் பார்த்தேன்.

வளைவுகளில் இன்னும் நன்றாக இருக்கும். இன்ஜின் சின்னது, அதனால் அதைத் தாழ்வாகவும் முன் சக்கரங்களுக்குப் பின்னாலும் தள்ளி வைக்க முடிந்திருக்கிறது, எடை முன்னும் பின்னும் பாதிப் பாதி. ஸ்டீயரிங் கொடுக்கிற கணத்திலேயே மூக்கு திரும்புகிறது. என் வழியில் மேம்பாலத்திலிருந்து இறங்குகிற ஒரு நீண்ட வளைவு இருக்கிறது, தினமும் சாயங்காலம் அதற்காகவே கொஞ்சம் நேராக உட்காருவேன். இத்தனைக்கும் குதிரை வண்டி மாதிரித் தூக்கிப் போடாது, குண்டும் குழியுமான சாலையில்கூட முதுகைப் பதம் பார்ப்பதில்லை. தினமும் ஓட்ட ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்றால் இந்த ஒரு விஷயத்தில் இதற்கு ஈடான பழைய வண்டி நான் பார்க்கவில்லை.

நான்கு பேர் உட்காரலாம், நிஜமாகவே பெரியவர்கள் உட்காரலாம். பின் கதவு சின்னதாக, எதிர்ப்பக்கம் கீல் வைத்து, முன் கதவைத் திறந்தால்தான் திறக்கும். நடுவில் தூண் இல்லாததால் குழந்தை சீட் மாட்டுவது சுலபம். ஆனால் நெருக்கமான பார்க்கிங்கில் இரண்டு கதவுக்கும் நடுவில் பின் சீட்டுக்காரர் கூண்டில் மாட்டியது போல நிற்பார், ஒருவர் பின்வாங்காமல் இன்னொருவர் நகர முடியாது. ஆபீஸ் நண்பர் ஒருவரை வாரத்தில் மூன்று நாள் ஏற்றிக்கொண்டு போகிறேன், அவர் இப்போது கதவு திறப்பதில் நிபுணர். சீட்டில் தலை சாய்க்கிற இடம், கியர் குமிழ், பானெட் மேடு என்று எங்கே பார்த்தாலும் அந்தப் புடைத்த முக்கோணத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள், டிராஃபிக்கில் நிற்கும்போது எண்ணிக்கொண்டிருக்கலாம். டிக்கியின் வாய் சின்னது, பெரிய பெட்டி போகாது.

தினசரி வேலை என்று பார்த்தால் இவ்வளவுதான். இரண்டு தடவை பெட்ரோல் போட்டால் ஒரு தடவை ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்க வேண்டும், எனக்குத் தோராயமாக 1600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகிறது. ஆயில் மாற்றுவது 5000-க்கு ஒரு தடவை. குளிர்ந்த இன்ஜினை முறுக்கக் கூடாது, சூடு காட்டுகிற ஊசி நடுவுக்கு வந்து இன்னும் ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தால் சூடாக்காமல் நிறுத்தக் கூடாது. வேறு வழியே இல்லாமல் நிறுத்த வேண்டி வந்தால் 3000 ஆர்பிஎம்மில் பத்து செகண்ட் பிடித்துவிட்டு ஆஃப் செய்ய வேண்டும். வண்டியைக் கழுவ நகர்த்த வேண்டுமென்றால் நியூட்ரலில் போட்டுத் தள்ளுவேன். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது தானாகவே வந்து கை கொடுக்கிறார்.

ஆட்டோமேட்டிக் வாங்கலாமா என்று கேட்பீர்கள். டிராஃபிக்கில் சுகம், ஆனால் குறைந்த சக்தி, ரெட்லைனும் கீழே. அந்த 9000 இல்லாமல் ரோட்டரியின் தொல்லைகளை மட்டும் வாங்கிக்கொள்வதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அதேபோல 192 குதிரைத்திறன் ஐந்து கியர் மாடலும் உண்டு, விலை குறைவு, 7500-ல் நின்றுவிடும், கீழ் வேகத்தில் கொஞ்சம் சமாளிக்கும். நகரத்துக்குள்ளேயே சுற்றுபவருக்கு அது பொருந்தலாம், ஆனால் நகரத்துக்குள்ளேயே சுற்றுபவர் ரோட்டரியே வாங்காமல் இருப்பது அதைவிடப் பொருந்தும்.

மதிப்பெண் கேட்டால் வண்டிக்கு ஐந்தில் நான்கு கொடுப்பேன். என் பழைய 5 கிலோமீட்டர் வழியில் அதே வண்டிக்கு ஒன்று. வீட்டில் இன்னொரு வண்டி இருப்பதும் அவசியம், எங்களிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. கடைக்குப் போக, பக்கத்துத் தெருவுக்குப் போக எல்லாம் அதுதான். கம்ப்ரஷன் இந்த வருடமும் எடுத்துப் பார்த்தேன், பின் ரோட்டாரில் ஒரு எண் 7.0-லிருந்து 6.9 ஆகியிருக்கிறது. பெரியவர் சீட்டைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. இன்ஜினுக்கென்று ஒதுக்கி வைத்த பணத்தை நானும் தொடவில்லை.

போன வாரம் மச்சான் வந்திருந்தான். இரண்டாவது ஃப்ளட் செய்த அதே ஆள், சாவியை வாங்கி "சும்மா சத்தம் கேட்டேன் மாமா" என்று ஸ்டார்ட் செய்து உடனே நிறுத்தியவன். இப்போது மேம்பால வளைவில் ஒரு தடவை கூட்டிப் போனதில் மயங்கிவிட்டான். திரும்பி வந்து இறங்கியதும் காரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான், பானெட் மேல் கையை வைத்தான், "மாமா, இதை எனக்கே கொடுத்துடுங்களேன், நான் தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போவேன்" என்றான்.

"உன் ஆபீஸ் எவ்வளவு தூரம் மாப்ள?"

"பக்கம்தான் மாமா. நாலு கிலோமீட்டர்."

சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியை அவனிடம் கொடுத்தேன்.